ஹெம்ப் கம்மி மிட்டாய்: கர்ப்பிணிகளும் குழந்தைகள் உள்ள வீடுகளும் தெரிந்துகொள்ள வேண்டியவை

அமெரிக்காவில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். 11 வாரக் கர்ப்பம், மசக்கை தாங்க முடியவில்லை. "இது கஞ்சா இல்லை, ஹெம்ப். சட்டப்படி கடையில் விற்பதுதான், இயற்கையானது" என்று சொல்லித் தோழி ஒருவர் டெல்டா-8 (கஞ்சாவின் போதைப்பொருளான டிஎச்சியின் ஒரு வகை) கலந்த கம்மி மிட்டாய், அதாவது ஜெல்லி மிட்டாய், பாக்கெட் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். இரண்டு நாள் யாருக்கும் தெரியாமல் நாளுக்கு ஒன்று சாப்பிட்டிருக்கிறார். வாந்தி குறைந்த மாதிரி இருந்ததாம். தொடரலாமா, சாப்பிட்டது குழந்தையைப் பாதிக்குமா என்பது கேள்வி. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளையும் இருக்கிறது. பாக்கெட் இப்போது கைப்பையில் இருக்கிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்.

நான் மருந்தாளுநர். குழந்தைகள் மருத்துவமனையில் வேலை. அந்தக் கடைசி வரிதான் என்னை உடனே எழுத வைத்தது. இதைப் படித்து முடிக்கும் முன்பே எழுந்து போய் அந்தப் பாக்கெட்டைப் பிள்ளையின் கைக்கு எட்டாத, பூட்டக்கூடிய இடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். கைப்பை என்பது இரண்டு வயதுப் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். தொடர வேண்டாம். இன்றே நிறுத்திவிடுங்கள். சாப்பிட்ட இரண்டை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவும் வேண்டாம். நாளைக்கே பிரசவ மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஏன் நிறுத்த வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் "சட்டப்படி விற்பது" என்ற ஒரு வார்த்தைக்கு நம் ஆட்கள் கொடுக்கும் மரியாதை அதிகம். இந்தப் பொருளுக்கு அந்த மரியாதை பொருந்தாது.

ஹெம்ப், கஞ்சா இரண்டும் ஒரே செடி. 2018 டிசம்பரில் அமெரிக்காவில் நிறைவேறிய வேளாண் சட்டம், காய்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 டிஎச்சி இல்லாத செடியை "ஹெம்ப்" என்று வகுத்து, போதைப்பொருள் பட்டியலிலிருந்து எடுத்தது. டெல்டா-9 டிஎச்சி என்பதுதான் கஞ்சாவின் போதைக்குக் காரணமான பொருள். நார், விதை, எண்ணெய் என்று விவசாயிகள் பிழைக்கட்டும் என்பதற்காகத்தான் அந்தச் சட்டம். வயலில் நிற்கும் செடிக்கு அதில் பரிசோதனை உண்டு. ஆனால் அந்தச் செடியிலிருந்து செய்து கடைக்கு வரும் மிட்டாய்க்கு வயது வரம்பு, அளவு வரம்பு, குழந்தைகள் திறக்க முடியாத மூடி என்று எதையும் அந்தச் சட்டம் கேட்கவில்லை. பிறகு சில மாநிலங்கள் தாங்களாகவே விதி போட்டன. மினசோட்டா 2022-இல் ஒரு துண்டுக்கு 5 மில்லிகிராம், ஒரு பாக்கெட்டுக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்தது. கலிபோர்னியா 2024 செப்டம்பரில் டிஎச்சி தென்படும் ஹெம்ப் உணவுகளின் விற்பனையையே நிறுத்தியது. மற்ற பல மாநிலங்களில் கேஸ் ஸ்டேஷன் (பெட்ரோல் பங்க்) கல்லாவுக்குப் பக்கத்தில் சூயிங்கம்மோடு சேர்த்து அடுக்கி வைத்திருந்தார்கள்.

0.3 சதவீதம் என்றால் ஒன்றுமே இல்லாத மாதிரி காதில் விழுகிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். செடியின் இலைக்கு வைத்த அந்த அளவைத் தின்பண்டத்தின் எடைக்குப் பொருத்தினால், 5 கிராம் எடையுள்ள ஒரு கம்மி மிட்டாயில் 15 மில்லிகிராம் வரை டெல்டா-9 இருக்கலாம். 40 கிராம் சாக்லேட்டில் 120 மில்லிகிராம். கஞ்சாவைச் சட்டப்படி உரிமத்தோடு விற்கும் பல மாநிலங்களில், வளர்ந்த ஆளுக்கு ஒரு வேளை அளவே 5 அல்லது 10 மில்லிகிராம்தான். இவ்வளவும் டெல்டா-9க்கு மட்டும் போட்ட கணக்கு. உங்கள் கையில் இருப்பது டெல்டா-8. அதற்கு அந்தச் சட்டத்தில் எண்ணே கிடையாது.

டெல்டா-8 செடியில் மிகச் சிறிதளவே உண்டு. கடையில் விற்கும் அளவுக்கு அதைச் செடியிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. ஹெம்ப்பிலிருந்து சிபிடி என்ற போதையற்ற பொருளைப் பிரித்து, அதை அமிலமும் கரைப்பானும் சேர்த்து வேதிமாற்றம் செய்துதான் டெல்டா-8 தயாரிக்கிறார்கள். "இயற்கையானது" என்று தோழி சொன்னது நல்லெண்ணத்தில்தான் இருக்கும். விஷயம் அப்படி இல்லை. அந்த வேதிமாற்றம் சுத்தமாக முடியாவிட்டால், மிச்சமிருக்கும் அமிலமும் கரைப்பானும், பெயர் கூட வைக்கப்படாத துணைப்பொருள்களும் மிட்டாய்க்குள் போகும். டெல்டா-10, ஹெச்ஹெச்சி, டிஎச்சி-ஓ, டிஎச்சி-பி என்று அட்டையில் வருகிற மற்றப் பெயர்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். டிஎச்சிஏ பூ என்று விற்பது இன்னும் நேரடியான விஷயம்: சூடுபட்டால் அது டெல்டா-9 ஆகவே மாறிவிடும்.

மூளையைப் பொறுத்தவரை டெல்டா-8, டெல்டா-9 இரண்டும் போய் ஒட்டுவது ஒரே இடத்தில், சிபி-1 என்ற ஏற்பியில் (இந்த வகைப் பொருள்கள் வந்து ஒட்டுவதற்கு நரம்புச் செல்லில் இருக்கும் இடம்). டெல்டா-8 சற்று வீரியம் குறைந்தது என்பார்கள். மில்லிகிராமுக்கு மில்லிகிராம் வைத்துப் பார்த்தால் அது சரி. ஆனால் பாக்கெட்டில் மில்லிகிராமைக் கூட்டிப் போட்டு அந்தக் குறையைச் சரிக்கட்டிவிடுகிறார்கள்.

வயிற்றில் வளரும் குழந்தைக்கு வருவோம். டிஎச்சி கொழுப்பில் கரையும் பொருள். நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் இரத்தத்துக்குப் போகும். கருவின் மூளையில் சிபி-1 ஏற்பிகள் ஆரம்ப மாதங்களிலேயே வந்துவிடுகின்றன. நரம்புகள் எங்கே போய் எதோடு இணைய வேண்டும் என்பதை வழிநடத்தும் வேலை அவற்றுக்கு உண்டு. அந்த வேலை நடக்கும்போது வெளியிலிருந்து டிஎச்சி வந்து அதே ஏற்பிகளைத் தூண்டுவது நல்லதில்லை என்பதுதான் மருத்துவர்களின் கவலை.

2023-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வை எனக்கு ரொம்பப் பிடிக்கும். காரணம், "கஞ்சா எடுத்தீர்களா" என்று வாயால் கேட்டு அதை நம்பாமல், முதல் பிரசவத்துக்குக் காத்திருந்த 9,000-க்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரைச் சோதித்துப் பார்த்தார்கள். கர்ப்பகால இரத்தக் கொதிப்பு, எடை குறைந்த குழந்தை, மருத்துவக் காரணத்தால் முன்கூட்டியே பிரசவிக்க வைக்க வேண்டிய நிலை, குழந்தை இறந்து பிறப்பது என்று நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாததால் வரும் சிக்கல்களைச் சேர்த்து எண்ணினார்கள். டிஎச்சி தடயம் இருந்தவர்களில் 25.9 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது. இல்லாதவர்களில் 17.4 சதவீதம். உங்களுக்கு ஆறுதல் தரும் பகுதி இனிமேல்தான் வருகிறது. முதல் மூன்று மாதத்தோடு நின்றுவிட்டவர்களிடம் அந்தக் கூடுதல் ஆபத்து தெளிவாகத் தென்படவில்லை. அதற்குப் பிறகும் தொடர்ந்தவர்களிடம்தான் தென்பட்டது. 11-ஆவது வாரத்தில் நிறுத்துவதற்கு அர்த்தம் நிறையவே இருக்கிறது.

"அது கஞ்சா ஆய்வு, ஹெம்ப் ஆய்வு இல்லையே" என்று கேட்பார்கள். கர்ப்பிணிகளிடம் டெல்டா-8ஐ மட்டும் சோதித்துப் பார்த்து "பாதகமில்லை" என்று யாரும் காட்டவில்லை. அதே ஏற்பியில் ஒட்டி அதே போதையைத் தரும் பொருள், வயிற்றிலுள்ள குழந்தையிடம் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை. அமெரிக்காவின் பிரசவ மருத்துவர்கள் அமைப்பு, குழந்தை மருத்துவர்கள் சங்கம், 2019 ஆகஸ்டில் அறிக்கை விட்ட சர்ஜன் ஜெனரல் (அரசின் தலைமைப் பொதுச் சுகாதார மருத்துவர்) என எல்லோரும் கர்ப்ப காலத்தில் கஞ்சா வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறார்கள். மசக்கைக்கு என்று கேட்டாலும் அதே பதில்தான்.

கடைக்காரர் மட்டும் வேறு பதில் சொல்லுவார். கொலராடோவில் ஆராய்ச்சியாளர்கள் 400 கஞ்சாக் கடைகளுக்குப் போன் செய்து, எட்டு வாரக் கர்ப்பிணி மாதிரிப் பேசி, மசக்கைக்கு என்ன எடுக்கலாம் என்று கேட்டார்கள். ஏறக்குறைய 69 சதவீதக் கடைகள் கஞ்சாப் பொருளைச் சிபாரிசு செய்தன. 2018-இல் வெளியான ஆய்வு இது. உரிமம் பெற்ற கடைகளிலேயே இந்த நிலை என்றால், கேஸ் ஸ்டேஷனில் கல்லாவில் இருப்பவரிடம் என்ன எதிர்பார்க்க முடியும்?

உங்கள் வாந்தியை நான் சின்ன விஷயமாக எண்ணவில்லை. தண்ணீர் கூட நிற்காமல் வாந்தி எடுக்கும் பெண்ணிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்வது கொடுமை. அதற்கு ஆராய்ந்து பார்த்த மருந்துகள் இருக்கின்றன. வைட்டமின் பி6, தேவைப்பட்டால் அதோடு டாக்சிலமைன் என்ற மருந்து. இதுதான் முதலில் கொடுப்பது. இரண்டையும் சேர்த்த மாத்திரைக்கு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ 2013-இல் மசக்கைக்கென்றே அனுமதி கொடுத்தது. அது போதாவிட்டால் அடுத்தடுத்த மருந்துகள் உண்டு. சிறுநீர் கறுத்துக் குறைந்தாலோ, எடை இறங்கினாலோ, எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் இன்றே மருத்துவரை அழையுங்கள். நரம்பு வழியாக டிரிப் ஏற்ற வேண்டியும் இருக்கலாம். இன்னொன்று: நீண்ட காலமாக அடிக்கடி டிஎச்சி எடுப்பவர்களுக்கு அதனாலேயே அடங்காத வாந்தி வரும் ஒரு நோய் உண்டு. வெந்நீரில் குளித்தால் தற்காலிகமாகத் தணியும். கர்ப்பிணிக்கு அது வந்தால் மசக்கை என்றே எல்லோரும் நினைப்பார்கள், அவரும் இன்னொரு கம்மி மிட்டாயை வாயில் போட்டுக்கொள்வார்.

பிரசவத்துக்குப் பிறகு எடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தாய்ப்பாலில் கொழுப்பு அதிகம், டிஎச்சி அதில் போய்ச் சேரும். 2018-இல் வெளியான ஆய்வில் 54 பால் மாதிரிகளில் 34-இல் டிஎச்சி இருந்தது. கடைசியாக எடுத்து ஆறு நாள் கழித்தும் சிலரிடம் தென்பட்டது. மதுவுக்குச் சொல்வது போல "கொஞ்ச நேரம் கழித்துக் கொடுத்தால் போதும்" என்ற கணக்கு இங்கே செல்லாது. ஒரு வேளைப் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவதாலும் பயனில்லை. உடம்புக் கொழுப்பிலிருந்து மறுபடி பாலுக்கு வந்துகொண்டே இருக்கும். போதையில் அசந்து தூங்கும் அம்மாவோ அப்பாவோ கைக்குழந்தையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுப்பதில் தனி ஆபத்து இருக்கிறது. குழந்தைக்கு மூச்சு முட்டினால் அவர்களுக்குத் தெரியாது.

இனி உங்கள் இரண்டு வயதுப் பிள்ளை. எனக்கு அதிக பயம் இங்கேதான்.

நீங்கள் ஒன்று எடுத்து, அரைமணி நேரத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வாய்வழி எடுத்த டிஎச்சி வேலை செய்யத் தொடங்க அரைமணியிலிருந்து இரண்டு மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். குழந்தைக்கும் அப்படியே. மிட்டாய் இனிப்பாக இருக்கிறது, ஒன்றோடு நிறுத்தும் வயது இல்லை. இரண்டு மணி நேரம் கழித்துப் பிள்ளை தூங்கும் நேரமில்லாத நேரத்தில் தூங்கி வழியும். எழுப்பி நிறுத்தினால் கால் பின்னும், சோபாவின் விளிம்பைப் பிடிக்கக் கை நீட்டும், கை தப்பும். வாந்தி எடுக்கலாம். கண் சிவந்திருக்கலாம். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து, உங்களைப் பார்க்காமல் உங்களைத் தாண்டிப் பார்க்கும். பெற்றோர் பலர் இந்த இடத்தில் "களைத்துவிட்டான்" என்று படுக்க வைத்துவிடுகிறார்கள். அளவு அதிகமாகப் போயிருந்தால் அதற்குப் பிறகு மூச்சு மெதுவாகும், நாடித்துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரலாம், நினைவு தப்பலாம்.

எவ்வளவு போனால் மோசம்? ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை வைத்து 2023-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது. உடல் எடையில் கிலோவுக்கு 1.7 மில்லிகிராம் டிஎச்சியைத் தாண்டினால் கடுமையான, நீடித்த நச்சு விளைவை எதிர்பார்க்கலாம் என்று அதில் கண்டார்கள். 12 கிலோ எடையுள்ள இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது சுமார் 20 மில்லிகிராம். ஒரு துண்டில் 25 மில்லிகிராம் என்று அச்சிட்ட ஹெம்ப் கம்மிப் பாக்கெட்டுகள் சர்வசாதாரணம். பத்துத் துண்டு இருக்கும் பாக்கெட்டில் 250. அட்டையில் போட்டதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதான் என்ற உத்தரவாதமும் இல்லை.

2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை அமெரிக்க நச்சுக் கட்டுப்பாட்டு மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக 2,362 அழைப்புகள் பதிவானதாக எஃப்டிஏ வெளியிட்டது. 41 சதவீதம் 18 வயதுக்குட்பட்டவர்கள். தெரியாமல் சாப்பிட்ட சம்பவங்களை மட்டும் எடுத்தால் 82 சதவீதம் சிறார்கள். ஒரு குழந்தை இறந்ததாகவும் அந்தப் பதிவில் இருக்கிறது. எல்லா வகைக் கஞ்சாத் தின்பண்டங்களையும் சேர்த்து, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் சம்பவங்கள் 2017-இல் 207, 2021-இல் 3,054. அந்த ஐந்தாண்டுச் சம்பவங்களில் 97 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்குள் நடந்தவை.

பாக்கெட்டைப் பார்த்தால் இந்த எண்ணிக்கை ஆச்சரியமாகத் தோன்றாது. டோரிட்டோஸ், சீட்டோஸ், நெர்ட்ஸ் போன்ற பெயர்பெற்ற தின்பண்டங்களின் அட்டையை அப்படியே நகலெடுத்து டெல்டா-8 விற்ற ஆறு நிறுவனங்களுக்கு 2023 ஜூலையில் எஃப்டிஏவும் மத்திய வர்த்தக ஆணையமும் சேர்ந்து எச்சரிக்கைக் கடிதம் அனுப்பின. அடுத்த ஜூலையில் இன்னும் சிலருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தை நிறத்தையும் படத்தையும் பார்த்துத்தான் தின்பண்டத்தை அடையாளம் காணும். அதைத் தெரிந்துகொண்டே அப்படி அச்சடிப்பவர்கள் மீது எனக்கு ஆறாத கோபம் இருக்கிறது.

பிள்ளை சாப்பிட்டுவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காதீர்கள். அமெரிக்காவில் 1-800-222-1222 நச்சுக் கட்டுப்பாட்டு மைய எண். இருபத்துநான்கு மணி நேரமும் இருப்பார்கள், இலவசம், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றாலும் கேட்கலாம். மூச்சு மெதுவாக இருந்தாலோ, எழுப்ப முடியாவிட்டாலோ, வலிப்பு வந்தாலோ நேராக 911. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அரைத்தூக்கத்தில் இருக்கும் குழந்தையின் வாயில் பாலோ தண்ணீரோ ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும். பாக்கெட்டைக் கையோடு கொண்டு போங்கள்.

மருத்துவமனையில் முதல் நிமிடத்திலேயே "இதைச் சாப்பிட்டிருக்கலாம்" என்று சொல்லிவிடுங்கள். வெட்கத்தில் மறைத்தால் என்ன ஆகும் தெரியுமா? மயங்கிக் கிடக்கும் பிள்ளையைப் பார்த்து மூளைக்காய்ச்சலா, தலையில் அடியா, வலிப்பு நோயா என்று மருத்துவர்கள் தேடுவார்கள். தலைக்கு சிடி ஸ்கேன், முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பது என்று அந்தச் சின்ன உடம்பு தேவையில்லாமல் படும். டிஎச்சிக்கு முறிமருந்து கிடையாது. மூச்சையும் இதயத்தையும் கண்காணித்து, தேவையான ஆதரவு கொடுத்து, அது உடம்பை விட்டு இறங்கும் வரை காத்திருப்பதுதான் சிகிச்சை. பெரும்பாலான குழந்தைகள் ஓரிரு நாளில் முழுதாகத் தேறிவிடுகிறார்கள். விஷயம் சீக்கிரம் தெரிந்தால் அந்தக் காத்திருப்பு எல்லோருக்கும் இலகுவாகும்.

"சொன்னால் குழந்தைகள் நலத்துறை வருமோ" என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தில் அர்த்தமே இல்லை என்று சொல்ல மாட்டேன். மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. சில இடங்களில் பிறந்த குழந்தையின் முதல் மலத்தையோ தொப்புள்கொடியையோ சோதிப்பார்கள், தகவல் மேலே போகும். "நான் எடுத்தது ஹெம்ப்தான்" என்ற வாதம் அங்கே எடுபடாது. வழக்கமான சிறுநீர்ப் பரிசோதனைக்கு டெல்டா-8 எது, கஞ்சாவின் டெல்டா-9 எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது, இரண்டுக்கும் பாசிட்டிவ் காட்டும். சட்டப்படி விற்ற பொருள் என்று வாங்கியவர்களில் பலர் இந்த இடத்தில்தான் அதிர்ந்து போகிறார்கள். இப்போதே நிறுத்தி, இப்போதே உங்கள் மருத்துவரிடம் பேசி, அந்த மருத்துவமனையின் நடைமுறை என்ன என்று நேரடியாகக் கேட்டுக்கொள்வது பிரசவ நேரத்தில் திடீரென்று தெரியவருவதைவிட எவ்வளவோ மேல். மயங்கிய குழந்தை கையில் இருக்கும்போது இந்த யோசனைக்கெல்லாம் இடமே இல்லை, முதலில் உயிர்.

"அப்படியென்றால் போதை இல்லாத சிபிடி எண்ணெய்?" என்று அடுத்த கேள்வி வரும். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் அதுவும் வேண்டாம் என்று எஃப்டிஏ சொல்கிறது. குழந்தைகளின் சில அரிய வலிப்பு நோய்களுக்கு சிபிடி மருந்து ஒன்று 2018 முதல் இருக்கிறது. அதைக் கொடுக்கும்போது கல்லீரலைச் சோதித்துக்கொண்டே கொடுப்போம். கடையில் வாங்குவதற்கு அந்தக் காவல் எதுவும் இல்லை. இணையத்தில் விற்ற 84 சிபிடி பொருள்களை வாங்கிச் சோதித்து 2017-இல் வெளியிட்டபோது 18-இல் டிஎச்சி இருந்தது. பிள்ளை தூங்கவில்லை, துறுதுறுவென்று இருக்கிறான் என்று சிபிடி சொட்டு விடும் பெற்றோர் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

2025 நவம்பர் 12-இல் கையெழுத்தான மத்தியச் சட்டம் இந்த ஓட்டையை அடைக்கிறது. எல்லா வகை டிஎச்சியையும் சேர்த்து எண்ண வேண்டும். செய்து முடித்த பொருளில் ஒரு கொள்கலனுக்கு 0.4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் மாற்றித் தயாரித்தவை ஹெம்ப் ஆகாது. ஓராண்டு அவகாசம் கொடுத்து, 2026 நவம்பரில் அமலுக்கு வரும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் சட்டம் வந்ததால் மட்டும், ஏற்கெனவே வாங்கி வீட்டு அலமாரியில் கிடப்பது மறைந்துவிடாது. தீபாவளிக்கு வரும் நண்பர், வாரக் கடைசியில் தங்க வரும் கசின் ஆகியோரின் பைக்குள் இருப்பதும்தான். வருபவர்களிடம் "பையில் அந்த மாதிரி ஏதாவது இருந்தால் மேலே வைத்துவிடுங்கள், குழந்தை இருக்கிறது" என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

உங்கள் பாக்கெட்டை அப்படியே குப்பையில் போடாதீர்கள். முதலில் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எத்தனை மில்லிகிராம், எந்தப் பெயர் என்பது மருத்துவருக்கு வேண்டும். பிறகு மிட்டாய்களைப் பயன்படுத்திய காபித் தூளோடு பிசைந்து, ஒரு பையில் இறுக்கிக் கட்டி, வீட்டுக்கு வெளியே இருக்கும் குப்பைத்தொட்டியில் போடுங்கள். நாளைக் காலை மருத்துவமனை திறந்ததும் அழைத்து, வாந்தி நிற்கவில்லை, பி6-டாக்சிலமைன் எழுதித் தர முடியுமா என்று கேளுங்கள். அந்த அழைப்பிலேயே கம்மி மிட்டாய் விஷயத்தையும் சொல்லிவிடுங்கள்.